டாக்டர் எது வரைக்கும் சொல்ல முடியும், அதுக்கப்புறம் யாரு சொல்றது? ஐசியூ வாசல்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஐசியூல ரொம்ப வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன், இப்போ படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீட்டுக்கே போய் பாக்குற டீம்ல இருக்கேன். மருந்து, டோஸ், ரிப்போர்ட் பத்தி கேட்டா டாக்டர் சொல்லிடுவாரு, நிறைய நேரம் நானே சொல்லிடுவேன். ஆனா "சிஸ்டர், இப்போ நாங்க என்னதான் பண்றது?"ன்னு கேக்கும்போது எந்த ரிப்போர்ட்லயும் அதுக்கு பதில் இருக்காது. அந்த மாதிரி கேள்விங்களை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சா யாருக்காவது உதவுமேன்னு எழுதுறேன்.

இவ்ளோ மெஷின் இருக்கு, ஸ்கேன் இருக்கு, பொழைப்பாங்களா மாட்டாங்களான்னு ஒரே வார்த்தைல ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க?

மறைக்கிறாங்கன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் அவங்களுக்கே அது தெரியாது. ஐசியூல சேந்த முதல் 24 மணி நேரத்துல பிபி, பல்ஸ், மூச்சு, காய்ச்சல், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின்னு 12 அளவுகளை எடுத்து, அதுல எது எவ்ளோ மோசமா போச்சுன்னு பாத்து, வயசையும் பழைய வியாதியையும் சேத்து ஒரு மார்க் போடுவாங்க. அபாச்சி ஸ்கோர்னு பேரு. அமெரிக்காவுல வில்லியம் நாஸ்ங்கற டாக்டரோட குழு உருவாக்குனது, இன்னிக்கும் நிறைய ஊர்ல யூஸ் பண்ற அபாச்சி 2 வந்தது 1985ல. நல்ல கருவிதான், நான் குறை சொல்லல. ஆனா அது என்ன சொல்லும்னா, இதே மாதிரி நெலமைல 100 பேர் வந்தா அதுல சுமாரா இத்தனை பேர் இறந்துடுவாங்கன்னு சொல்லும், அவ்ளோதான். 100 பேர்ல 60 பேர் போயிடுவாங்கன்னு வைங்க, உங்க அப்பா அந்த 60ல இருக்காரா மிச்ச 40ல இருக்காரான்னு அதுக்குத் தெரியாது. அதனாலதான் "இன்னும் 48 மணி நேரம் போகட்டும்"னு சொல்றாங்க. அந்த 48 மணி நேரத்துல மருந்துக்கு உடம்பு எப்படி ஈடுகுடுக்குதுன்னு பாத்தா நெலமை இன்னும் கொஞ்சம் தெளிவாகும், அப்பவும் முழுசா தெளியாது.

சரி, சதவீதம் துல்லியமா தெரிஞ்சுட்டா முடிவு எடுத்துடலாம்ல?

அங்கதான் எல்லாரும் தடுமாறுறாங்க. 1982ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, நுரையீரல் கேன்சருக்கு ஆபரேஷனா ரேடியேஷனான்னு கேள்வி. ஒரு பாதி பேர்கிட்ட "ஆபரேஷன் பண்ணா 100ல 90 பேர் பொழைச்சு எந்திரிப்பாங்க"ன்னு சொன்னாங்க, இன்னொரு பாதி பேர்கிட்ட "100ல 10 பேர் இறந்துடுவாங்க"ன்னு சொன்னாங்க. ரெண்டும் ஒரே கணக்குதான், ஆனா பொழைப்பாங்கன்னு கேட்டவங்கள்ல ஆபரேஷனை எடுத்தவங்க அதிகம், சாவாங்கன்னு கேட்டவங்கள்ல அது கொறைஞ்சுபோச்சு. இதுல நோயாளிங்க மட்டும் இல்ல, டாக்டருங்களும் அப்படித்தான் மாறுனாங்க.

இன்னொண்ணு, சதவீதம் ஒண்ணா இருந்தாலும் ஆள் ஒண்ணா இருக்கறதில்ல. ரெண்டு பேரைப் பாத்திருக்கேன், ரெண்டு பேருக்கும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் வியாதி, நுரையீரல் கிட்டத்தட்ட ஒரே நெலமை, ரெண்டு பேருக்கும் கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வைக்கிற ட்ரக்கியாஸ்டமி வேணும்னு பேச்சு வந்துச்சு. ஒருத்தர் ரிட்டையர்டு வாத்தியார். ட்ரக்கியாஸ்டமி போட்டு வென்டிலேட்டர்ல இருந்தா பேசுறது கஷ்டம்னு சொன்னதும் மாஸ்க்கை கையால தூக்கிட்டு "பேச்சு போயிட்டா நான் இருந்து என்னத்துக்கு"ன்னு ஒரே வரிதான் சொன்னாரு. இன்னொரு அம்மா, வாய்ல ஏற்கனவே டியூப், பேச முடியாது, மக மாசமா இருந்தா. டூட்டிக்கு வர்ற ஒவ்வொரு சிஸ்டர்கிட்டயும் வயித்து மேல கைய வச்சு காட்டிட்டு வெரல விட்டு எண்ணுவாங்க, எத்தனையாவது மாசம்னு கேக்குறாங்கன்னு எங்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. அவங்களுக்கு எந்த டியூப் வேணாலும் போடுங்க, பேரப்புள்ளைய பாக்கணும், அவ்ளோதான். வாத்தியார் மாஸ்க்கோட வீட்டுக்குப் போய் மருந்தோட அமைதியா போனாரு. அந்த அம்மா ட்ரக்கியாஸ்டமி போட்டுக்கிட்டு இருந்து, பேரன் பொறந்ததும் ஃபோன்ல பாத்துட்டு, அப்புறம் கொஞ்ச நாள்ல போனாங்க. ரெண்டு முடிவும் சரின்னு நான் இன்னிக்கும் நம்புறேன், ஆனா ரெண்டு பேரோட ஃபைலையும் பேரை மறைச்சுட்டு குடுத்தா எந்த ஸ்பெஷலிஸ்டாலயும் இவருக்கு வேணாம், இவங்களுக்கு வேணும்னு பிரிச்சு சொல்லிருக்க முடியாது.

அப்போ சயின்ஸ் தோத்துப் போச்சுன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்ல. நான் வேலைக்கு சேந்த காலத்துல செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றால உடம்பு முழுக்க உறுப்புகள் கெட்டுப்போற நெலமை, வந்தா போயிடுவாங்கன்னு நெனச்ச எத்தனையோ பேர் இன்னிக்கு நடந்து வீட்டுக்குப் போறாங்க, அதெல்லாம் சயின்ஸ்தான். நான் சொல்றது, "இதைப் பண்ணா இது நடக்கும்"ங்கற எல்லை வரைக்கும் அதுதான் ராஜா, "இது நடக்கறது எனக்கு வேணுமா"ங்கறது வேற கேள்வி. இதை நான் புதுசா கண்டுபிடிக்கல. மேக்ஸ் வேபர்னு ஜெர்மன் சமூகவியலாளர், 1917ல மியூனிக்ல ஸ்டூடன்ட்ஸ்கிட்ட பேசும்போது மருத்துவத்தையே உதாரணமா சொன்னாரு. உயிரைக் காப்பாத்தணும், வலியைக் கொறைக்கணும்ங்கறதை ஒத்துக்கிட்டுத்தான் மருத்துவம் வேலையையே ஆரம்பிக்குது, நோயாளியே என்னை விட்டுடுங்கன்னு கெஞ்சினாலும் அது காப்பாத்தப் பாக்கும், இந்த வாழ்க்கை வாழத் தகுந்ததா, எப்போ தகுந்ததுங்கறதை மருத்துவம் கேக்குறதே இல்லன்னாரு. வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி சொன்ன விஷயம் இது, இப்போ ஒவ்வொரு ஐசியூவுலயும் தெனமும் நடக்குது.

எல்லாருக்கும் உண்மை ஒண்ணுதானே, நல்லா உக்காந்து பேசினா ஒரே முடிவுக்கு வந்துட மாட்டாங்களா?

அருணா ஷான்பாக் கேஸை எடுத்துக்கங்க. மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரில நர்ஸ். 1973 நவம்பர்ல அங்க வேலை பாத்த ஒரு வார்டு பாய் அவங்களைத் தாக்கி நாய் சங்கிலியால கழுத்தை இறுக்கிட்டான், மூளைக்கு ஆக்சிஜன் போகாம அதுக்கப்புறம் அவங்க பழைய ஆளா திரும்பவே இல்ல. அதே ஆஸ்பத்திரில 2015 மே மாசம் நிமோனியா வந்து இறக்குற வரைக்கும், கிட்டத்தட்ட 42 வருஷம், அங்க இருந்த நர்ஸுங்கதான் பாத்துக்கிட்டாங்க.

பிங்கி விரானின்னு ஒரு பத்திரிகையாளர், இவங்களுக்கு சாப்பாடு குடுக்கறதை நிறுத்தி அமைதியா போக விடுங்கன்னு சுப்ரீம் கோர்ட்ல கேட்டாங்க. கோர்ட் 3 டாக்டரை அனுப்பி பரிசோதிச்சுது. மூளை எந்த அளவுக்குப் போயிருக்கு, திரும்ப வருமாங்கறதுல பெரிய சண்டை ஒண்ணும் இல்ல, திரும்ப வராது. ஆனா கேஇஎம் நர்ஸுங்க ஒரே பிடியா நின்னாங்க, இவங்க எங்க ஆளு, சாப்பாடு ஊட்டினா முகத்துல காட்டுறாங்க, நாங்க பாத்துக்கறோம், யாரும் முடிவு பண்ண வேணாம்னு. 2011 மார்ச் 7ம் தேதி தீர்ப்புல கோர்ட் விரானியோட கோரிக்கையை ஏத்துக்கல, இவங்களுக்காகப் பேசுற உரிமை இத்தனை வருஷம் பாத்துக்கிட்ட ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குத்தான்னு சொல்லிடுச்சு.

ஒரு நர்ஸா எனக்கு இதுல மனசு ரெண்டு பக்கமும் இழுக்கும். இத்தனை வருஷம் படுத்தே இருந்தவங்களுக்கு ஒரு படுக்கைப் புண் கூட வராம பாத்துக்கிட்டாங்கன்னா, அது என்ன வேலைன்னு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் பொரட்டிப் போட்டவங்களுக்குத்தான் தெரியும். அதே நேரம் விரானியும் அவங்க மேல இருந்த அக்கறைலதான் கேட்டாங்க. ஒரே ஸ்கேன், ஒரே ரிப்போர்ட், ரெண்டு பக்கமும் பாசம். இன்னும் 10 டெஸ்ட் எடுத்திருந்தாலும் அந்த வழக்கு தீர்ந்திருக்காது, ஏன்னா அவங்க சண்டை போட்டது டெஸ்ட்டைப் பத்தி இல்ல.

எமோஷனை ஒதுக்கி வச்சுட்டு லாஜிக்கலா யோசிச்சா சரியான முடிவு வரும்னு என் அண்ணன் சொல்றான்.

அண்ணன் சொல்றது கேக்க நல்லாருக்கு. அன்டோனியோ டமாசியோன்னு ஒரு நரம்பியல் டாக்டர், எலியட்னு பேர் வச்சு ஒரு நோயாளியைப் பத்தி எழுதிருக்காரு. மூளைல முன்பக்கம் கட்டி, ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. அப்புறம் டெஸ்ட் பண்ணா ஐக்யூ நல்லா இருக்கு, ஞாபகம் நல்லா இருக்கு, லாஜிக் எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா உணர்ச்சி மட்டும் செத்துப்போச்சு, தன் சோகக் கதையையே யாரோ மூணாவது மனுஷன் கதை மாதிரி சொல்வாரு. அவர் நல்லா முடிவு எடுத்திருக்கணும்ல? முடிவே எடுக்க முடியாம வேலை போச்சு, சேத்த காசு போச்சு, கல்யாணம் முறிஞ்சுது. இதே மாதிரி பாதிப்பு இருந்த இன்னொருத்தர்கிட்ட அடுத்த தடவை எந்த தேதில வர்றீங்கன்னு ரெண்டு தேதி குடுத்தா, அரை மணி நேரம் ரெண்டுக்கும் சாதக பாதகம் அடுக்கிக்கிட்டே இருந்தாராம்.

எது முக்கியம்னு மனசு சொல்லலன்னா மூளை எல்லாத்தையும் ஒரே எடையா வச்சு சுத்திக்கிட்டே இருக்கும். அதனால அழறவங்களைப் பாத்து "நீ வெளில போ, பேச வேண்டியதை நாங்க பேசிக்கறோம்"னு அனுப்பாதீங்க. பெரும்பாலும் அழறவங்களுக்குத்தான் அந்த நோயாளிக்கு என்ன பிடிக்கும், எதுக்கு பயப்படுவாங்கன்னு தெரிஞ்சிருக்கும். உணர்ச்சி ஏமாத்தாதுன்னு நான் சொல்லல, பயத்துல எடுக்குற முடிவு நிறைய தடவை தப்பாதான் போகுது, அதைக் கேள்வி கேக்க புத்தி கண்டிப்பா வேணும்.

செலவைப் பத்தி யோசிக்கறது பாவமா?

பாவம் இல்ல. வீட்டை அடமானம் வச்சு, கம்மல் செயின் எல்லாம் வித்து ஐசியூ பில் கட்டி, கடைசில ஆளும் போயி கடனும் மிஞ்சின குடும்பங்களைப் பாத்திருக்கேன், அந்த வீட்ல படிச்சிக்கிட்டு இருந்த புள்ளைங்க படிப்பை நிறுத்துனதையும் பாத்திருக்கேன். நோயாளிக்கே தெரிஞ்சா "எனக்காக இதைப் பண்ணாதீங்கடா"ன்னு சொல்லிருப்பாங்க.

பிரிட்டன்ல இதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. நைஸ்ங்கற அரசு அமைப்பு, 1999ல ஆரம்பிச்சது. ஒரு மருந்து ஒரு மனுஷனுக்கு ஒரு நல்ல வருஷ வாழ்க்கையைக் குடுக்க எவ்ளோ செலவாகுதுன்னு கணக்கு போட்டு, பல வருஷமா 20,000லேருந்து 30,000 பவுண்டுக்குள்ள இருந்தா சரின்னு வச்சிருந்தாங்க. கணக்கு போடுறது சயின்ஸ், ஆனா அந்த 30,000ங்கற கோட்டை எந்த லேப்லயும் கண்டுபிடிக்கல, மனுஷங்க உக்காந்து பேசி போட்ட கோடு அது. அதை ஒளிவு மறைவு இல்லாம போட்டது எனக்குப் பிடிக்குது, எல்லாருக்கும் தெரியும், கேள்வி கேக்கலாம்.

ஆனா கணக்கு மட்டும் கைல இருந்து மனசு இல்லன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம தென் மாவட்டங்கள்ல விருதுநகர் பக்கம் கேள்விப்படுற தலைக்கூத்தல் போதும். படுத்த கெழவன் கெழவியால பிரயோஜனம் இல்ல, பாத்துக்க ஆள் இல்ல, செலவு, அதனால முடிச்சு விட்டுடலாம்னு குடும்பமே பண்ற கொலை. கணக்கா பாத்தா ஒரு ஒரு வரியும் நியாயமா தெரியும், மொத்தமா பாத்தா கொலை. அதனால நான் குடும்பத்துகிட்ட ரெண்டே கேள்விதான் கேப்பேன்: இந்த முடிவை அவங்க வாயால கேட்டிருக்கீங்களா, இல்ல அவங்களுக்காக நீங்களா சொல்றீங்களா? இதுல நிம்மதி கெடைக்கப் போறது அவங்களுக்கா உங்களுக்கா? ரெண்டாவது கேள்விக்கு "ரெண்டு பேருக்கும்"னு ஒரு அக்கா நேர்மையா சொன்னாங்க, அந்த நேர்மை இருந்தா மேற்கொண்டு பேசலாம்.

"உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்"னு கேக்கலாமா?

கேக்கலாம், எல்லாரும் கேக்குறாங்க. ஆனா டாக்டர் சொல்றது அவரோட அப்பாவுக்கு. உங்க அப்பா யாருன்னு அவருக்குத் தெரியாது, அவர் பாத்தது 12ம் நம்பர் பெட்ல கண்ணை மூடி படுத்திருக்கற ஒருத்தரை. அதனால முதல்ல நீங்க சொல்லுங்க: இவர் தோட்டத்துக்குப் போகாம ஒரு நாள் இருக்க மாட்டாரு, யார் கையாலயும் குளிக்க மாட்டாரு, பெரியப்பா டியூபோட ஆறு மாசம் கெடந்தப்ப "எனக்கு இப்படி வேணாம்"னு சொன்னாரு, இந்த மாதிரி. அதுக்கப்புறம் "இப்படிப்பட்ட மனுஷனுக்கு நீங்க என்ன சொல்வீங்க, நல்லபடியா போனா கூட அவர் எந்த நெலமைல வீட்டுக்கு வருவாரு"ன்னு கேளுங்க. கேள்வியை இப்படி மாத்திப் பாருங்க, நல்ல டாக்டரா இருந்தா சேரை இழுத்துப் போட்டு உக்காந்து பேசுவாரு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிவு பண்ணணும்னும் இல்ல. மூணு நாளோ அஞ்சு நாளோ போட்டுப் பாப்போம், இது இது முன்னேறுனா தொடரலாம், இல்லன்னா மறுபடி உக்காந்து பேசுவோம்னு ஆரம்பத்துலயே பேசி வச்சுக்கலாம், நிறைய டாக்டருங்க இதுக்கு ஒத்துப்பாங்க.

இங்கிலீஷ் மருந்தால முடியலன்னுதானே சொல்றீங்க, அப்போ ஒரு சாமியார் பொடி தர்றாரு, குடுத்துப் பாக்கலாமா?

வேணாம். தயவுசெஞ்சு வேணாம். சயின்ஸால எது முக்கியம்னு சொல்ல முடியாதுங்கறதுக்காக, எது வேலை செய்யும்னு சொல்ல வேற யாரோ வந்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. அந்தப் பொடி கிட்னிக்குப் போனா என்ன ஆகும்ங்கறது சயின்ஸ் கேள்விதான், அதுக்கு சயின்ஸ்தான் பதில் சொல்லணும். திருநீறு பூசுங்க, ஓதுங்க, ஜெபம் பண்ணுங்க, தலைமாட்ல படம் வைங்க, நானே எடம் ஒதுக்கித் தர்றேன். உள்ள குடுக்கற எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லாம குடுக்காதீங்க.

பாலியேட்டிவ் கேருக்கு அனுப்புறாங்கன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தமா?

இந்தக் கேள்வியை வீட்டு வாசல்லயே கேப்பாங்க, சில பேர் எங்களை உள்ள விடவே யோசிப்பாங்க. நம்ம அரசு ஆஸ்பத்திரில நோய் ஆதரவு சிகிச்சைன்னு சொல்லுவாங்க. வலி, மூச்சுத் திணறல், வாந்தி, தூக்கமின்மை, படுக்கைப் புண், பயம், இதுக்கெல்லாம் வைத்தியம். லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ் 1967ல செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை ஆரம்பிச்சாங்க, அவங்க நர்ஸா இருந்து, அப்புறம் சமூகப் பணியாளரா இருந்து, அதுக்கப்புறம் டாக்டருக்குப் படிச்சவங்க. உடம்பு வலியோட மனசு வலி, குடும்பக் கவலை, "எனக்கு ஏன் இப்படி"ங்கற கேள்வி எல்லாம் சேந்த மொத்த வலிக்கும் வைத்தியம் பாக்கணும்னு சொன்னது அவங்கதான். கேரளாவுல 1993ல கோழிக்கோடுல டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் எல்லாம் சேந்து ஆரம்பிச்சது இன்னிக்கு பக்கத்து வீட்டுக்காரங்களே தன்னார்வலரா போய் பாக்குற அளவுக்கு வளந்திருக்கு. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்குற நோய் ஆதரவு சிகிச்சையும் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியல, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அதுவும் இல்லாம, 2010ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில, பாஸ்டன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில பரவின நுரையீரல் கேன்சர் உள்ள 151 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு ஆரம்பத்துலேருந்தே கேன்சர் ட்ரீட்மென்டோட பாலியேட்டிவ் கேரும் குடுத்தாங்க. அவங்களுக்கு மனச்சோர்வு கம்மி, கடைசி நேரத்துல கடுமையான ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டது கம்மி, ஆனா வாழ்ந்த காலம் நடுமட்டமா 11.6 மாசம், இன்னொரு குரூப்புக்கு 8.9 மாசம். இதையும் கண்டுபிடிச்சது சயின்ஸ்தான். மனுஷனைக் கேட்டு வைத்தியம் பாத்தா என்ன ஆகும்னு யாரோ ஒருத்தர் கேட்கணும்னு நெனச்சாங்க, அதுக்கப்புறம் அளந்தாங்க.

மார்ஃபின் பத்தி ஒண்ணு. குடுத்தா அடிமை ஆயிடுவாங்க, சீக்கிரம் போயிடுவாங்கன்னு பயந்து வலில துடிக்க விடாதீங்க, டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அது வலிக்கான மருந்து. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்தோட கெடுபிடியால நம்ம நாட்டுல வலில இருந்தவங்களுக்கே மார்ஃபின் கெடைக்காம போச்சு, 2014ல திருத்தம் வந்துதான் கொஞ்சம் தளர்ந்துச்சு.

ஃபாரின்ல இருக்குற தம்பி "எல்லாத்தையும் பண்ணுங்க, காசு நான் அனுப்புறேன்"ங்கறான், கூட இருக்குற நாங்க வேணாங்கறோம். யார் சொல்றது சரி?

தம்பியை வில்லனா பாக்காதீங்க. அவருக்கு கடைசியா ஞாபகம் இருக்கறது ஏர்போர்ட்ல வழியனுப்ப வந்து நின்ன அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சது ஒரு வருஷமா பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போற அப்பா. அவரை வீடியோ கால்ல கூப்பிட்டு, சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடும்போது, டிரஸ்ஸிங் மாத்தும்போது கூட இருக்கச் சொல்லுங்க, டாக்டரோட நேரா பேச வைங்க. ஓட்டு போட்டு முடிவு பண்ணாதீங்க. "உனக்கு என்ன வேணும்"னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, "அப்பா இப்போ எந்திரிச்சு உக்காந்தா என்ன சொல்வாரு"ன்னு கேட்டுப் பாருங்க, நான் பாத்தவரைக்கும் சத்தம் அடங்கிடும், சில நேரம் ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்வாங்க.

ஃபோன்ல ஏஐகிட்ட ரிப்போர்ட்டை போட்டுக் கேட்டா?

ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுக்க கேளுங்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு லிஸ்ட் போட்டுக்க கேளுங்க. டியூபை எடுக்கலாமா வேணாமான்னு அதுகிட்ட கேட்டு அது சொன்னதை குடும்பத்துல காட்டி வாதாடாதீங்க. அதுவும் உங்க அப்பாவைப் பாத்ததில்ல.

டியூபை எடுக்கச் சொன்னா நாங்க கொன்ன மாதிரி ஆயிடாதா? சட்டம் என்ன சொல்லுது?

ஊசி போட்டு சாகடிக்கிறது இந்தியாவுல குற்றம், அதுல மாற்றம் இல்ல. குணமாக வழியே இல்லாத நெலமைல உயிரை இழுத்து மட்டும் வைக்கிற சிகிச்சையை ஆரம்பிக்காம விடவோ நிறுத்தவோ வழி இருக்கு. 2018 மார்ச் 9ம் தேதி சுப்ரீம் கோர்ட்டோட 5 நீதிபதிங்க அமர்வு, மரியாதையோட சாகுறதும் வாழ்ற உரிமையோட சேத்திதான்னு சொல்லிடுச்சு. ஆனா அப்போ வச்ச நடைமுறை ரொம்ப சிக்கல், அதனால 2023 ஜனவரில எளிமையாக்குனாங்க: ஆஸ்பத்திரிலேயே முதல்ல ஒரு மருத்துவக் குழு, அப்புறம் ரெண்டாவது குழு, ரெண்டும் முடிஞ்சவரை 48 மணி நேரத்துல கருத்து சொல்லணும், குடும்பத்தோட சம்மதமும் வேணும்.

நடைமுறைல பல எடத்துல இதெல்லாம் நடக்கறதில்லங்கறதுதான் வேதனை. "நீங்களா கூட்டிட்டுப் போறதா கையெழுத்து போட்டுடுங்க"ன்னு சொல்லி ஆம்புலன்ஸ்ல ஏத்திடுவாங்க. ஒருத்தர் வழி பூரா ஆம்பு பேக்கை, அதாவது கையால அமுக்கி மூச்சு குடுக்கற பையை, அமுக்கிக்கிட்டே வருவாங்க, வீட்டு வாசல்ல கட்டில் போட்டு வச்சிருப்பாங்க, கையை எடுப்பாங்க. வலிக்கு, மூச்சுத் திணறலுக்கு ஒரு மருந்தும் கைல குடுத்திருக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போய் சாகணும்னு ஆசைப்படறது நியாயமான ஆசை, ஆனா அந்த மாதிரி மூச்சு முட்டி போகத் தேவையே இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா முடிவு பண்ணா, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து எழுதிக் குடுங்கன்னு விடாப்பிடியா கேளுங்க, அது உங்க உரிமை.

கொன்னுட்டோமோங்கற நெனப்பு வரும், எந்த முடிவு எடுத்தாலும் வரும், டியூப் போட்டவங்களுக்கும் வருது, போடாதவங்களுக்கும் வருது. சட்டமோ டாக்டரோ அதை வாங்கிக்க முடியாது. நோயாளியே முன்னாடி சொல்லி வச்சிருந்த வீடுகள்ல மட்டும் அது கொஞ்சம் லேசா இருக்கறதைப் பாத்திருக்கேன்.

அப்போ நல்லா இருக்கும்போதே என் விருப்பத்தை எழுதி வைக்கணும்னா என்ன பண்ணணும்?

18 வயசு முடிஞ்சு, தெளிவா இருக்கற யார் வேணாலும் எழுதலாம். ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் முன்னாடி போடணும், முன்ன மாதிரி மாஜிஸ்ட்ரேட் தேவையில்ல. நீங்க பேச முடியாதப்ப உங்களுக்காகப் பேச வேண்டியவங்க பேரை எழுதணும், ஒருத்தருக்கு மேலயே எழுதலாம், அதுல உங்களை எதிர்த்துப் பேசத் தெரிஞ்சவங்களை விட உங்களைப் புரிஞ்சவங்களா பாத்துப் போடுங்க. ஒரு காப்பி பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சில இதுக்குன்னு உள்ள அதிகாரிகிட்ட போகணும், ஒரு காப்பி குடும்ப டாக்டர்கிட்ட, ஒரு காப்பி பேர் போட்டவங்ககிட்ட. எப்ப வேணாலும் மாத்தலாம்.

அதுல வென்டிலேட்டர் வேணும் வேணாம்னு மட்டும் எழுதாதீங்க, ஏன்னா நிமோனியாவுக்கு நாலு நாள் போட்டு எடுக்கற வென்டிலேட்டரும் இருக்கு, எடுக்கவே முடியாத வென்டிலேட்டரும் இருக்கு, ரெண்டும் ஒரே மெஷின்தான். எது இருந்தா எனக்கு வாழ்க்கைன்னு எழுதுங்க. நாங்க பாக்குற ஒரு பாட்டி பேத்தியை விட்டு எழுத வச்சது இது: "ஆளு அடையாளம் தெரியணும், வாயால ஒரு வாய் காப்பி எறங்கணும், இது ரெண்டும் திரும்ப வரும்னா எத்தனை நாள் வேணா ஆஸ்பத்திரில வைங்க, வராதுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, வலி மட்டும் தெரியக்கூடாது." இதை வச்சு எந்த டாக்டராலயும் வேலை செய்ய முடியும்.